நர்சம்மா பதில்கள்: ‘மாட்டேன்’ என்று சொன்ன பிறகு

ஆகஸ்ட் இதழுக்குச் ‘சுதந்திரம்’ பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று ஆசிரியர் போன மாதமே போட்டுவிட்டார். கொடி, மிட்டாய், காந்தி, நேதாஜி என்று வரும் என நினைத்திருந்தேன். வந்த கட்டில் பாதிக்கு மேல் வாசற்படிக்கு உள்ளே நடக்கிற சங்கதி. கிராம சுகாதார செவிலியராக இந்த ராமநாதபுரக் கரையில் வீடு வீடாக ஏறி இறங்கியவளுக்கு அது வசதியாகத்தான் போயிற்று. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். யாருடைய பெயரும் போடவில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. படிக்க வைத்தேன், கோயம்புத்தூரில் வேலைக்கு அனுப்பினேன், ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்தேன். இப்போது, தானே ஒரு பையனைப் பார்த்துவிட்டதாகச் சொல்கிறாள். நல்ல வேலையில் இருக்கிறான், கெட்ட பழக்கம் இல்லை. ஆனால் வேறு ஆட்கள். அளவுக்கு மீறிச் சுதந்திரம் கொடுத்தது என் தப்பா?
— ஒரு தகப்பனார், சாயல்குடி

ஐயா, உங்கள் கடிதம் நாலு பக்கம். மூன்றரைப் பக்கத்துக்கு மகளின் மார்க், சம்பளம், பையனின் வேலை, அவன் குடிக்காதது. ‘வேறு ஆட்கள்’ என்பது கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில்தான் வருகிறது. பையன் உங்கள் ஆட்களாக இருந்திருந்தால் எனக்குக் கடிதம் வந்திருக்காது, கல்யாணப் பத்திரிகை வந்திருக்கும்.

மகளுக்கு இதுவரை நீங்கள் செய்தது எல்லாம் உங்களுக்கும் பிடித்தவை. படிப்பு உங்களுக்கும் பெருமை, சம்பளம் வீட்டுக்கும் உதவி. உங்களுக்குப் பிடிக்காத ஒன்றை அவள் கேட்பது இதுதான் முதல் தடவை. நீங்கள் சொல்லும் மாப்பிள்ளையை ‘மாட்டேன்’ என்றால் அடுத்த வாரம் அவளுக்கு என்ன நடக்கும்? போனைப் பிடுங்குவீர்களா? பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்கு வரவழைத்து உள்ளே வைத்துப் பூட்டுவீர்களா? (இந்தக் கரையில் அப்படிச் சாகக் கிடந்த பாட்டிகள் பல பேர் பேத்தி கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து பாயசம் குடித்ததைப் பார்த்திருக்கிறேன்.) சித்தப்பாமார் கூடிப் பேசுவார்களா? இதற்கெல்லாம் ‘இல்லை’ என்று உங்களால் எழுத முடிந்தால் தப்பு ஒன்றும் நடக்கவில்லை.

சட்டத்தில் குழப்பம் கிடையாது. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 நிறைந்துவிட்டால் சம்மதிக்க வேண்டியவர்கள் அந்த இரண்டு பேர்தான். குடும்பமோ சாதியோ ஊரோ குறுக்கே நிற்க முடியாது என்று 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கொடுக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வைக்கவும் உத்தரவு போட்டது. சொத்தில் சல்லிக்காசு கிடையாது என்ற பழைய மிரட்டலும் முழுசாகச் செல்லாது. இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று 2005-ல் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. தமிழ்நாடு 1989-லேயே அதற்குச் சட்டம் போட்டது.

ஆனால் சட்டமே இன்னொரு இடத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யப்போனால் 30 நாள் அறிவிப்பு ஆபீஸ் பலகையில் தொங்கும். பெயர், வயது, முகவரி எல்லாம் இருக்கும். சாதி காரணமாக யாரும் ஆட்சேபிக்க முடியாது என்பது சட்டம். அந்தத் தாளை ஒருத்தன் செல்போனில் படம் எடுத்து ஊர் குரூப்பில் போட்டுவிட்டால் முப்பது நாள் வரை யார் பொறுப்பார்கள்?

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ராமநாதபுரம் வந்து பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போங்கள். சித்தப்பாமாரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பையனோடு ஒரு வேளை சாப்பிடுங்கள். அவனுக்குச் சமைக்கத் தெரியுமா, சம்பளத்தை யார் கையில் கொடுக்கிறான், கோபம் வந்தால் என்ன செய்வான் என்று கேளுங்கள். தகப்பன் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதான். அந்தப் பதில் பிடிக்காவிட்டால் அதை மகளிடம் தாராளமாகச் சொல்லலாம். அவளும் காது கொடுப்பாள்.

கேள்வி: மூன்று பிள்ளைகள். கடைசிப் பிரசவத்தில் ரத்தம் போய்ப் பிழைத்ததே பெரிசு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ள ஆசை. ‘நான் கையெழுத்துப் போட மாட்டேன்’ என்கிறார் வீட்டுக்காரர்.
— வாசகி, தங்கச்சிமடம்

அம்மாடி, அந்தக் கையெழுத்துத் தேவையே இல்லை. இதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லி ஆசிரியரிடம் சண்டை போட்டேன். மத்திய அரசின் விதிமுறையில் இருப்பது இவ்வளவுதான்: கல்யாணமாகியிருக்க வேண்டும், 22-லிருந்து 49 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது ஒரு பிள்ளை ஒரு வயது தாண்டியிருக்க வேண்டும், உன் சம்மதம் வேண்டும். கணவர் சம்மதம் தேவையில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கருக்கலைப்புக்கும் அப்படித்தான். 1971-ஆம் வருஷத்துச் சட்டம் 18 நிறைந்த பெண்ணிடம் கேட்பது அவளுடைய சம்மதம் ஒன்றைத்தான்.

பிரசவ வார்டில் நடப்பது வேறு. ஒரு பெண்ணைச் சொல்கிறேன். நாலாவது பிரசவம், சோகையில் உள்ளங்கை வெளுத்துப் போய்க் கிடந்தாள். ‘இத்தோட நிறுத்திருங்க நர்சம்மா’ என்று பிள்ளை வெளியே வருமுன்பே என் கையைப் பிடித்துச் சொன்னவள். படிவத்தில் அவள் கையெழுத்தும் போட்டாயிற்று. வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் தொட்டால் நாளைக்கு எனக்கு வம்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆள் கடலுக்குப் போயிருந்தான். படிவம் அவள் தலையணைக்கு அடியில் கிடந்தது. மாமியார் கட்டில் ஓரத்தில் பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு, ‘அவன் கரைக்கு வரட்டும்’ என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தான். சட்டையில் டீசல் வாடை. நான் படிவத்தை நீட்டினேன். ‘எங்க போடணும்?’ என்று பேனாவை வாங்கியவன் ஒரு தடவை அம்மா முகத்தைப் பார்த்தான். பேனாவை மூடிக் கட்டில் மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அதே பெண், அதே வார்டு.

சட்டப்படி அந்தப் படிவத்தில் அவன் பெயருக்கு வேலையே இல்லை. ஆனால் வார்டில் இருந்த எல்லாரும், டாக்டர் உள்பட, அவள் உடம்புக்கு அவன்தான் பொறுப்பாளி என்று நடந்துகொண்டார்கள்.

உனக்கு நான் சொல்வது: முதலில் ரத்தப் பரிசோதனை செய். ரத்தம் குறைவாக இருந்தால் மாத்திரை சாப்பிட்டுத் தேற்றிக்கொண்டு போ. ஆஸ்பத்திரியில் கணவர் கையெழுத்துக் கேட்டால், எந்த விதியில் இருக்கிறது என்று எழுதித் தரச் சொல். எழுத மாட்டார்கள். 104-க்குப் போன் செய்து புகாரும் சொல்லலாம். அதற்குள் அவசரமானால் காப்பர்-டி உண்டு, பத்து வருஷம் தாங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா ஊசியும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

வீட்டுக்காரரிடமும் ஒன்று சொல். ஆம்பிளைக்குச் செய்யும் ஆபரேஷன் இதைவிடச் சின்னது, தையல் கிடையாது, சில நிமிஷம்தான், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அதைச் செய்தால் வலை இழுக்கத் தெம்பு இருக்காது என்று இந்தக் கரை முழுக்க ஒரு புளுகு உலவுகிறது. தெம்பு தோளில் இருக்கிறது.

கடிதத்தில் நீ எழுதாத ஒன்றையும் கேட்டு வைக்கிறேன். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினால் அடிப்பாரா? அடிப்பார் என்றால் 181 நம்பரை இப்போதே மனப்பாடம் செய். அம்மா வீட்டில் பத்து நாள் இருக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிப் படி ஏற வேண்டும்.

கேள்வி: 1947-ல் நமக்கு உண்மையிலேயே என்ன கிடைத்தது?
— கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

டில்லிக்கு என்ன கிடைத்ததோ, நம் மாவட்டத்துக்கு ஒன்று நிச்சயமாகக் கிடைத்தது. ராத்திரி சொந்தத் திண்ணையில் படுக்கலாம் என்று ஆயிற்று. வெள்ளைக்காரன் 1911-ல் விரிவாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் நம் பக்கம் ரேகைச் சட்டம் என்றே பேர் வாங்கியது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்தில் ஒரு களவும் அறியாத ஆட்கள், பிறந்த சாதிக்காகவே பத்து விரலையும் மையில் உருட்டிப் பெயர் பதிய வேண்டியிருந்தது. ராத்திரிக்கு ஸ்டேஷனில் போய்ப் படுத்தவர்கள் உண்டு. வெளியூர்ச் சம்பந்தி வீட்டுக்குப் போகவும் சீட்டு வாங்க வேண்டும். சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது 1947-ல். நாடு முழுக்க ஒழிய 1952 ஆயிற்று.

அந்தக் கொடுமையை இன்றைக்கும் கண் சிவக்கச் சொல்கிற வீடுகள் இருக்கின்றன. அதில் சில வீடுகளில் மருமகள் அம்மா வீட்டுக்குப் போக இன்றைக்கும் பெரியவரிடம் உத்தரவு வாங்க வேண்டும்.

கேள்வி: சொந்த வத்தை (சின்ன நாட்டுப்படகு), சொந்த நண்டு வலை. யாவாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பதால் பாடு, அதாவது பிடித்தது முழுவதும் அவருக்குத்தான். விலையும் அவர் சொல்வது, தராசும் அவருடையது. அடுத்தவர் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயார் என்றாலும் அவருக்கு விற்க முடியாது. நான் யாருக்கும் கூலியாள் இல்லை. ஆனால் அப்படித்தான் தோன்றுகிறது.
— மீனவர், தேவிபட்டினம் பக்கம்

தம்பி, உனக்குத் தோன்றியது பாராளுமன்றத்துக்கும் தோன்றியிருக்கிறது. கொத்தடிமை முறையை ஒழித்த 1976-ஆம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துப் பார். கொத்தடிமை என்றால் செங்கல் சூளை, அரிசி ஆலை என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். முன்பணம் வாங்கிய கடனாளி எதை எல்லாம் இழந்தால் அது கொத்தடிமை முறையாகும் என்று அந்தச் சட்டம் வரிசையாகச் சொல்கிறது. வேறு வேலைக்குப் போகும் உரிமை, நாட்டில் இஷ்டப்படி நடமாடும் உரிமை. கடைசியாக, தன் உழைப்பில் விளைந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. உன் கடிதத்தை வாசித்ததும் இந்த வரிதான் ஞாபகத்துக்கு வந்தது. உன் விஷயம் முழுக்க அந்தச் சட்டத்தில் அடங்குமா என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போய்க் கேள். சட்டப்படி இதில் முதல் அதிகாரம் கலெக்டருக்கு.

யாவாரியை வில்லனாக்கி எழுதினால் உனக்கே பிடிக்காது. எனக்கும் மனசு வராது. 108 வண்டி 2008-ல்தான் வந்தது. அதற்கு முன்னால், நடுச்சாமத்தில் வலி கண்ட பெண்ணை ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இந்த ஊர்களில் இருந்தது யாவாரியின் ஐஸ் வண்டி ஒன்றுதான். ஐஸ் பெட்டியை ஒதுக்கி, ஈரப் பலகையில் சாக்கு விரித்து, அதன் மேல் பாய் போட்டு, அவளைப் படுக்க வைத்து நான் பக்கத்தில் குந்திக்கொண்டு போயிருக்கிறேன். வழியெல்லாம் மீன் தண்ணீர் என் செருப்பில் ஏறும். டிரைவருக்கு டீக்காசுகூட யாவாரி வாங்கவிட மாட்டார். வலை அறுந்தால் அவர், பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட அவர், கச்சான் காற்றில் தொழில் நின்றால் அரிசிக்கும் அவர். பாங்கி எதுவும் அந்த நேரத்தில் கதவைத் திறந்ததில்லை.

உன் முன்பணத்துக்குக் கணக்கு எழுதி ஒரு நாள் அடைத்துவிடலாம். அந்த ஐஸ் வண்டிக்கு எப்படிக் கணக்கு எழுதுவாய்? அதனால்தான் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அவர் தராசில் கொட்டுகிறார்கள். நாளைக்கு ஒரு கூடை நண்டை வேறு கரையில் விற்றால் முழுப் பணத்தையும் அன்றைக்கே கீழே வை என்பார். ‘உன் பெஞ்சாதிக்கு வண்டி விட்டவனுக்கு இதுதானா மரியாதை’ என்றும் கேட்பார். இரண்டாவதுதான் உன்னை அடித்துப் போடும்.

வழி இல்லாமல் இல்லை. கேரளத்திலும் கன்னியாகுமரிக் கரையிலும் மீனவர்கள் தங்களுக்குள் சங்கம் சேர்ந்து, கரையிலேயே தாங்களே ஏலம் விட்டு, விற்ற காசில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறார்கள். தனியாக ஒரு வத்தைக்காரன் முறைத்துக்கொண்டால் நசுக்கிவிடுவார்கள். நாலைந்து வத்தை சேர்ந்து கேட்டால் பேசுவார்கள். விவசாயிகளுக்கு இருந்த கிசான் கிரெடிட் கார்டு 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. எத்தனை பேர் வாங்கியிருக்கிறீர்கள்? இன்றைக்கே செய்ய வேண்டியது ஒரு நோட்டு. தேதி, எடை, அவர் போட்ட விலை, அன்றைய வெளி விலை. ஆறு மாதம் எழுதிய நோட்டோடு பேசுகிறவனுக்கும் வெறும் வாயோடு பேசுகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு.

இதே கதை பாசி எடுக்கும் பெண்களுக்கும். பாறையில் கீறாமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்கள். சாயந்தரம் என்னிடம் வந்து அந்தத் துணியை அவிழ்த்தால் விரல் நுனி ஊறி வெளுத்து, கீறலுக்குள் உப்பு ஏறி நிற்கும். கட்டுப் போட்டுக்கொண்டே பாசி என்ன விலை போயிற்று என்று கேட்டால், ‘ஏஜென்டைத்தான் கேக்கணும்’ என்பார்கள்.

கேள்வி: எந்தத் தொழிலும் செய்யச் சுதந்திரம் உண்டு என்கிறது அரசியல் சட்டம். பிறகு எங்கள் விசைப்படகுக்கு மட்டும் 61 நாள் தடை, வாரத்தில் மூன்று நாள்தான் கடல் என்று ஏன் இத்தனை விலங்கு?
— படகு உரிமையாளர், ராமேஸ்வரம்

அண்ணே, 19(1)(ஜி) வரை படித்தவர் 19(6)-ஐயும் படித்திருப்பீர்கள். பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு வைக்கலாம் என்று அங்கே இருக்கிறது. நம் மாநிலத்தின் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டம் 1983-ல் வந்தது ஏன் என்று உங்கள் அப்பாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். விசைப்படகின் மடி வலை நாட்டுப்படகுக்காரனின் வலையை வாரிக்கொண்டு போய், கரையில் ரத்தம் சிந்திய காலம் அது. அவனும் அதே 19(1)(ஜி)-யின் கீழ்தான் வலை போட்டிருந்தான்.

சமத்துவம் இல்லாத சுதந்திரம் பல பேர் மேல் சில பேர் ஏறி உட்காரத்தான் வழி செய்யும் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசினார். பாக் நீரிணையை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நாலு நாள் நாட்டுப்படகுக்கு என்று நம் ஆட்கள் பிரித்துக்கொண்டது அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது. மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் அடியோடு வாரினால் அடுத்த வருஷம் உங்கள் மடியும் காலிதான். தடைக் காலத்தில் வட்டி மட்டும் நிற்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமான குறை, அதற்குக் கூடவே நிற்கிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கமும் தமிழ்தான் பேசுகிறார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சின்னப் படகுக்காரன் வலையும் அறுபடுகிறது. கடலடியை வாரும் அடிமடி இழுப்பை இலங்கை 2017-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி. உங்கள் படகில் கூலிக்கு வருகிறவன், ‘எல்லை தாண்ட வேண்டாம், எனக்குப் பயமாக இருக்கு’ என்று சொன்னால் அடுத்த தங்கலுக்கு அவனைக் கூப்பிடுவீர்களா? படகு பிடிபட்டால் உங்களுக்குப் பெரிய நஷ்டம், மறுக்கவில்லை. யாழ்ப்பாணச் சிறையில் பாய் விரித்துப் படுப்பது அவன்.

கேள்வி: கல்யாணம் செய்யாமல் இருக்கும் நர்சம்மாதான் நிஜமான சுதந்திரப் பறவை என்கிறாள் என் மனைவி. உண்மையா?
— வாசகர், பரமக்குடி

ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அவரிடம் கேட்டீர்களா? என்னைக் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.

என் கதை: வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. ‘யாரெல்லாம் வந்து போவாங்க?’ என்று எல்லா வீட்டுக்காரரும் கேட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவத்துக்குக் கூப்பிட வருகிறவன் ஆம்பிளையாகத்தான் இருப்பான், அவனுடைய சைக்கிளில் ஏறித்தான் போக வேண்டும். காலையில் திண்ணைகளில் அதற்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கும். அரசாங்கச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் அந்தத் திண்ணைகளை நான் லட்சியம் செய்யவில்லை. சம்பளம் இல்லாமல் இருந்தால் இவ்வளவு வாய் எனக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

போன வருஷம் கண் ஆபரேஷனுக்குப் போனேன். ‘கூட வந்தவர் என்ன உறவு?’ என்று கேட்டார்கள். மீன் விற்கிற பக்கத்து வீட்டுக்காரி நான் வாயைத் திறப்பதற்குள் ‘தங்கச்சி’ என்று சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டாள். இத்தனை வருஷம் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கினவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கேள்வி: ஊர்க் கூட்டத்தில் திருவிழா வரிக்குக் கணக்குக் கேட்டேன். தண்டம் போட்டார்கள். கட்டவில்லை. இப்போது கடையில் எங்களுக்குச் சாமான் கிடையாது, என் படகுக்கு ஆள் வருவதில்லை, என் மகளோடு பிள்ளைகள் விளையாடுவதில்லை. கேள்வி கேட்கக்கூடச் சுதந்திரம் இல்லையா?
— பெயரும் ஊரும் வேண்டாம்

உங்கள் ஊர் எது என்று ஊகிக்க முயலவில்லை. இது எந்த ஊராகவும் இருக்கலாம்.

போலியோ சொட்டு மருந்துப் பெட்டியோடு ஊர் விலக்கில் இருந்த ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறேன். அந்த வீட்டுக்காரி தண்ணீர் கொடுத்தாள், வாங்கிக் குடித்தேன். அடுத்த வீட்டு வாசலில் காலை வைத்ததும், ‘நீங்க அங்க தண்ணி குடிச்சீங்களாமே, பிள்ளைக்கு நாளைக்கு ஆஸ்பத்திரியிலயே வந்து போட்டுக்கிறோம்’ என்று கதவைச் சாத்தினார்கள். இடைவெளி பத்தடிகூட இருக்காது. எனக்கு முன்னால் சேதி போய்விட்டது. அரசாங்க ஊழியைக்கே அந்த மரியாதை என்றால் உங்கள் மகள் நிலைமை புரிகிறது.

ஊர் என்றாலே கெட்டது என்று டவுனில் உட்கார்ந்து எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துப் போகாது. ஒரு வத்தை சாயந்தரம் கரை திரும்பவில்லை என்றால் கோயில் மைக்கில் ஒரு குரல். கடற்காவல் படைக்குத் தகவல் போய்ச் சேருமுன் நம் படகுகள் தேடக் கிளம்பிவிடும். டீசல் காசை யாரும் கேட்பதில்லை. பங்காளிச் சண்டையைக் கோர்ட்டுக்குப் போகாமல் தீர்ப்பதும் அந்தக் கூட்டம்தான். உங்களை இப்போது தள்ளி வைத்திருப்பதும் அதுவே. நாளைக்கு உங்கள் படகு திரும்பாவிட்டால் மைக்கில் குரல் வருமா என்ற பயம் உங்கள் கடிதத்தின் அடியில் இருக்கிறது, தெரிகிறது.

செய்ய வேண்டியவை. என்றைக்கு எந்தக் கடையில் யார் சாமான் தரவில்லை என்று எழுதி வையுங்கள், குரூப்பில் வந்த குரல் பதிவுகளை அழிக்காதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரு பிரதி. நீங்கள் பட்டியல் சாதியினராக இருந்து, விலக்கி வைத்தவர்கள் வேறு சாதியாக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே பேசும். 2015 திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் அதில் சேர்த்தது. ஊர் விலக்குக்கென்றே மகாராஷ்டிரம் 2016-ல் தனிச் சட்டம் நிறைவேற்றியது. பக்கத்து ஊர்த் தலைவர்களில் யாராவது ஒருவர் நடுவில் நின்று பேசினால் கலெக்டரைவிடச் சீக்கிரம் முடியும். அதையும் விட்டுவிடாதீர்கள். தண்டத்தைக் கட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறேன் என்று நீங்கள் முடிவெடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். மகள் வளர்கிற வயது.

ஒன்று மட்டும் குத்துகிறது. நீங்கள் கணக்குக் கேட்ட அன்று உங்கள் மனைவி எங்கே இருந்தார்? இந்தக் கரையில் எத்தனையோ ஊர்க் கூட்டங்களில் பெண்ணுக்கு இடம் கிடையாது. வரி மட்டும் அவள் மீன் விற்ற காசிலும் உண்டு. ஊராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் வந்துவிட்டது. கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. அதில் யாரும் யாரையும் ‘நீ வராதே’ என்று சொல்ல முடியாது. கூட்டத்துக்குத் திரும்பவும் சேர்த்துக்கொண்டால், அடுத்த தடவை அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். தண்டம் ஒன்றேதான்.

கேள்வி: என் அண்ணன் தினமும் என் போனை வாங்கிப் பார்க்கிறான். எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான் என்கிறான். தர மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா?
— வாசகி, 19 வயது, மண்டபம்

இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்னார்கள். ஆனால் அது முக்கியமாக அரசாங்கத்தைப் பார்த்துச் சொன்னது. அண்ணன் மேல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட முடியாது.

உன் போனைப் பார்க்கும்போது அவன் போனை நீ கேட்டுப் பார். பாதுகாப்பு அவனுக்கும் தேவைதானே? கொடுக்க மாட்டான். அம்மா முன்னால் கேள், அப்போதுதான் சாட்சி இருக்கும். ஆனால் நாளைக்கே போய்ச் சண்டை போடு என்று சொல்ல மாட்டேன். ‘தர மாட்டேன்’ என்றால் காலேஜை நிறுத்திவிடுவார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் முதலில் உன் சான்றிதழ், ஆதார், பாங்கிப் புத்தகம் மூன்றும் எந்தப் பீரோவில், யார் சாவியில் இருக்கின்றன என்று பார். அவை உன் கையில் வந்த பிறகு போனைப் பற்றிப் பேசலாம். பட்டம் வாங்க இன்னும் எத்தனை செமஸ்டர்? பல்லைக் கடித்துக்கொண்டு படி. யாராவது உன்னை மிரட்டிப் படம் அனுப்பினால் மட்டும் அண்ணனிடம் மறைக்காதே. அவனுக்குப் பயந்து மறைத்த பெண்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அண்ணன்மார் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கவும்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன். ஏ.டி.எம். கார்டு மகனிடம். கேட்டால், ‘உங்களுக்கு என்னப்பா செலவு?’ என்கிறான். சாப்பாடு, மருந்து எல்லாம் குறையில்லாமல் கவனிக்கிறார்கள். இதைப் போய்ப் பெரிசு படுத்தலாமா?
— வாசகர், உச்சிப்புளி

படுத்தலாம் சார். பேரனுக்கு முறுக்கு, பழைய சிநேகிதருக்கு டீ, நினைத்த நேரத்தில் பஸ் ஏறித் திருப்புல்லாணி போக இருபது ரூபாய்: இவற்றுக்கு மகனிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவன் கெட்டவன் என்று நீங்களும் எழுதவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுச் செலவுக்கு மாசாமாசம் நீங்களே எடுத்துக் கொடுங்கள், வாங்கிக்கொள்ளட்டும்.

வீட்டை அவன் பெயருக்கு எழுதிவிட்டீர்களா என்று சொல்லவில்லை. எழுதவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். எழுதத்தான் வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிப்பேன் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அதை மீறினால் பத்திரத்தை ரத்து செய்ய 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவு வழி தருகிறது. கோட்டாட்சியரிடம் மனுப் போட்டால் போதும்.

கார்டு விஷயத்துக்குப் பாங்கிக்கு நேரிலேயே போங்கள். பழைய கார்டை நிறுத்தி, புதிசு வாங்கி, ரகசிய எண்ணை நீங்களே போடுங்கள். கணக்கோடு இணைத்திருக்கும் செல்போன் நம்பர் மகனுடையதாக இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கவுன்ட்டரை விட்டு நகருமுன் அவனுக்கு மெசேஜ் போய்விடும். பாஸ்புக், ஆதார், ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் விழும் முதல் வாரத்தில் வேண்டாம், கூட்டம் தாங்காது.